மூன்றாவது மரத்து மஞ்சள்

அந்தச் சுற்றுப்பாதை மிகச் சுலபமானது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளில் "ஆபத்தான சேற்றுக்காட்டுப் பாதை" என்று போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. அதில் பெரிய ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிராக்கிலிருந்து வரும் பெண்கள் நகரத்துக் காலணியோடு நடந்துவிட்டு, பாதம் நனையாமல் திரும்பியிருக்கிறார்கள். வனக்காப்பகத்தின் வாசலில் உணவகத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் நுழைந்து, சேற்றுநிலத்தை ஓரமாகச் சுற்றி, ஓடையைத் தாண்டி, மறுபடி அதே உணவகத்துக்கு வந்து சேர்கிறது. காலையில் கிளம்பினால் மதியம் பூண்டு சூப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடலாம்.

அதை வகுத்தவன் நான். நான் அங்கே போனபோது மான் தடங்களும், அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டப் போனவர்களின் பழைய வண்டித் தடமும்தான் இருந்தன. எந்த இடத்தில் திரும்பினால் கால் நனையாது, எந்த மரத்தில் அடையாளம் போட்டால் நடப்பவர் கண்ணில் படும் என்று மரம் மரமாகப் பார்த்தது நான். காப்பகத்து அதிகாரிகளிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியதும் நான்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். லுபோர் செத்த விஷயத்துக்கு அதன்பிறகு வருவோம்.

எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்கள் காட்டுக்குள் தரையைப் பார்த்து நடப்பதில்லை, மரத்தைப் பார்த்து நடப்பார்கள். மரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் இருக்கும். வெள்ளைக் கோடு, நடுவில் நிறக்கோடு, மறுபடி வெள்ளை. என் பாதைக்கு நிறம் மஞ்சள். ஒரு அடையாளத்தைப் பார்த்ததும் அடுத்ததைத் தேடிக் கண் போகும், கண் போன பக்கம் கால் போகும், வாய் அதன் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருக்கும். யார் போட்டது, எப்போது போட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த மூன்று கோடுகளை நம்புகிற அளவுக்கு இங்கே யாரும் பாதிரியாரை நம்புவதில்லை.

அந்தக் கோடுகளைப் போடுவது நடையர் சங்கத்து ஆட்கள். சம்பளம் கிடையாது. இரண்டிரண்டு பேராகத்தான் போவோம். நானும் லுபோரும் ஒரு ஜோடி. அவன் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன், நான் தபால்காரன். அவன் சுரண்டியால் மரப்பட்டையை வழவழப்பாக்கிக் கொடுப்பான், நான் தூரிகையால் கோடு இழுப்பேன். பிறகு அவன் பின்பக்கமாகவே நடந்து விலகிப் போய், நடந்து வருபவனுக்கு அது எப்படித் தெரியும் என்று பார்ப்பான். அடையாளம் போடுகிற எல்லோரும் அப்படித்தான் செய்வோம். போட்ட இடத்திலேயே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. "உக்காந்துடுச்சு" என்று அவன் சொன்னால் அடுத்த மரத்துக்குப் போவோம்.

பின்னால் என்ன இருக்கிறது என்று லுபோர் திரும்பிப் பார்க்கவே மாட்டான். கண் மரத்திலேயே இருக்கும். ஒருமுறை அப்படியே பின்வாங்கிப் போய் ஓடைக்குள் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். இடுப்பு வரை தண்ணீர். தொப்பி மிதந்து போகிறது.

"என்னடா ஆச்சு?" என்று ஓடினேன்.

"ஒண்ணும் ஆகல. நல்லா உக்காந்துடுச்சு."

"எது? நீயா, அடையாளமா?"

"ரெண்டும்தான். கையைக் குடு, சிரிக்காத."

சங்கத்தில் இந்தக் கதையைப் பல வருடம் சொல்லிச் சிரித்தோம். லுபோரும் சேர்ந்து சிரிப்பான். அவனோடு இருந்த காலம் நல்ல காலம்தான், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு மனைவி மக்கள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி ஹெட்விகா பொரிக்கும் மீனில் ஒரு துண்டு எப்போதும் எனக்கென்று இருக்கும். நான் அவனை முழுக்க நம்பினேன். அதனால்தான் இவ்வளவும்.

கடைசி இரண்டு வருடங்களில் காலைக் குளிரில் என் வலதுகை கொஞ்சம் மரத்துப்போகும். நடுக்கம் என்று சொல்லமாட்டேன். இந்த மலைக்காற்றில் யாருக்குத்தான் கை விறைக்காது? லுபோர் ஒருநாள், "இன்னிக்கு நீ சுரண்டு, நான் இழுக்கிறேன், ஒரு மாறுதலுக்கு" என்றான். ரயில்வேக்காரனுக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது என்றேன். அவன் சுரண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். அன்றும் ஒவ்வொரு மரத்துக்கும் "உக்காந்துடுச்சு" என்றுதான் சொன்னான்.

இந்த வருடம் வசந்தத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வழக்கம்போல உணவகத்தின் பின்னறையில் நடந்தது. பீரும் ஊறவைத்த தொத்திறைச்சியும் வந்தபிறகு லுபோர் எழுந்து நின்றான். இடுப்பு வலி, ஒரு கையை மேசையில் ஊன்றியிருந்தான்.

"அடுத்த மாசம் எனக்கு இடுப்பு மூட்டை மாத்தப் போறாங்க. அப்புறம் வெந்நீர் ஊத்துல கிடன்னு அனுப்பிடுவாங்க. அதனால சேத்துக்காட்டுச் சுத்துப்பாதைய நம்ம அபோலேனா கையில குடுத்துடலாம்னு பாக்கிறேன்."

"நீ இல்லேன்னா என்னப்பா, விலெம் இருக்கானே" என்றார் சங்கத் தலைவர். விலெம் என்பது நான்.

லுபோர் என்னைப் பார்க்கவில்லை. பீர்க் குவளையைப் பார்த்தான். "அவனும் எத்தனை வருஷமா ஓடுறான். ரெண்டு கிழடும் ஒண்ணாவே உக்காந்துடலாம். அவனை மட்டும் தனியா காட்டுக்குள்ள விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். யாரோ என் முன்னால் ஒரு சிறு கிண்ணத்தில் பிளம் சாராயம் வைத்தார்கள். நானும் கைதட்டினேன் என்று நினைக்கிறேன். என் பாதையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தது என் நண்பன். கூட்டம் முடிந்து வெளியே வந்து என் தோளில் தட்டி, "கோபமா?" என்று கேட்டான். "எனக்கென்ன கோபம்" என்றேன். அவன் நம்பிவிட்டான்.

அதோடு நின்றிருந்தால் நான் பொறுத்துப் போயிருப்பேன். வயதானவர்களை ஒதுக்குவது எங்கும் நடப்பதுதான்.

அபோலேனா பல் மருத்துவமனையில் வேலை செய்யும் பெண், நல்ல பிள்ளை. டப்பா, தூரிகை, சுரண்டியெல்லாம் வாங்கிக்கொள்ள என் வீட்டுக்கு வந்தாள். தூரிகைகளை நான் துணியில் சுற்றிக் கொடுத்தேன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"கவலைப்படாதீங்க விலெம் ஐயா. எங்கெங்க எப்படின்னு எனக்கு அத்துப்படி. ரெண்டு வருஷமா லுபோர் ஐயாகூடப் போய் உங்க அடையாளத்தையெல்லாம் நேர் பண்ணியிருக்கேன்ல."

"நேர் பண்ணியா?"

"ஓரம் மட்டும்தான் ஐயா. நீங்க ரெண்டு பேரும் போட்டுட்டு வந்த மறுநாள் நாங்க போவோம். நான் டப்பா புடிச்சுக்குவேன், அவரு..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

"தெரியும். தெரியாம என்ன?" என்றேன். வாசல்வரை போய் அவளை வழியனுப்பினேன்.

மறுநாள் காலை தனியாகப் பாதைக்குப் போனேன். வாசலை அடுத்த முதல் பைன் மரத்தில் என் அடையாளத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. நகத்தால் கீறினேன். மேலே ஒரு பூச்சு உரிந்து வந்தது, அதற்கடியில் இன்னொரு ஓரம். என்னுடையது. கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான், ஒரு சாதாரண வளைவு. அடுத்த மரம், அதற்கடுத்த மரம். பாதை முழுவதும் அப்படியே. இரண்டு வருடமாக என் எதிரில் "உக்காந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் என்னைத் திருத்தியிருக்கிறான். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். ஹெட்விகாவுக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும். எனக்கு மீன் பரிமாறும்போதும் தெரிந்திருக்கும். அந்த ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

நட்புக்காகத்தான் செய்தான் என்று நீங்கள் சற்றுமுன் சொன்னீர்கள். உங்களுக்கு வயது குறைவு. என்னிடம் நேராக "உன் கோடு வளையுது" என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். அவன் சொல்லவில்லை. தான் ஆஸ்பத்திரிக்குப் போனால் திருத்த ஆளில்லை என்றுதான் என்னை உட்காரவைத்தான். இதெல்லாம் எனக்கும் புரிகிறது. புரிந்ததால் வயிற்றெரிச்சல் குறைந்துவிடுமா?

கோடைக்காலம் முழுக்க நான் ஒன்றும் செய்யவில்லை. லுபோர் வெந்நீர் ஊற்று ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுவான், அங்கே சாப்பாட்டில் உப்பில்லை, மூலிகைச் சாராயம் மட்டும் பரவாயில்லை என்பான். நானும் பேசுவேன். இதற்கிடையில் சேற்றுநிலத்தின் மேலிருந்த பலகைப் பாலம் உளுத்துப்போனதால், காப்பகத்தார் அந்த இடத்தில் மட்டும் பாதையைத் தற்காலிகமாக மாற்றினார்கள். ஒரு கவட்டைப் பைன் மரத்தருகே பாதை இரண்டாகப் பிரியும். வலதுபக்கம் மேடான தரை, புதுப் பாதை அங்கே போகிறது. அபோலேனா அதற்கு அடையாளம் போட்டாள். இடதுபக்கம் நான் சொன்ன பழைய வண்டித் தடம். அது கரிமண் வெட்டிய குழிகளுக்குப் போகும். குழிகளில் தண்ணீர் நிறைந்து, மேலே பாசி மூடி, பார்க்கப் புல்தரை மாதிரி இருக்கும்.

இலையுதிர்காலத்தில் லுபோர் வீடு திரும்பினான். பார்க்கப் போனேன். ஹெட்விகா கசகசா வைத்த கொலாச் ரொட்டி சுட்டிருந்தாள். அவள் எப்போதும் காப்பிக் கோப்பையை விளிம்புவரை நிரப்பிவிடுவாள், அதனால் நான் எடுக்கும்போது மேசைவிரிப்பில் கொஞ்சம் சிந்தியது. அவள் துடைத்துவிட்டு, அடுத்த கோப்பையைப் பாதிதான் நிரப்பினாள்.

"பாதைய மாத்திட்டாங்களாமேடா" என்றான் லுபோர்.

"பலகை உளுத்துப்போச்சு. கொஞ்ச தூரம் வேற பக்கமா விட்டிருக்காங்க."

"எந்தப் பக்கம்?"

"போனா தெரியும். அடையாளம் பாத்துப் போ."

"அந்தப் பொண்ணு போட்டதா?"

"இல்ல. அந்தத் துண்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாங்க. அவளுக்கு நேரமில்லையாம். நான்தான் போட்டேன்."

லுபோரும் ஹெட்விகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நொடிதான். நான் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லுபோர் சிரித்தான்.

"நீ போட்டதா? அப்ப நான் கண்ணை மூடிக்கிட்டே போவேன்டா."

"கண்ணைத் தொறந்துகிட்டே போங்க" என்றாள் ஹெட்விகா. "புது இடுப்பு. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

"டாக்டர்தான் சமதரையில நடன்னு சொன்னாரு. அதைவிடச் சமதரை இந்த மாவட்டத்துல எங்க இருக்கு? விலெம் வகுத்த பாதை. பாட்டிமாருங்ககூட நடக்குற பாதை."

நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், கூட வந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாய், நான் தனியாகவே நடந்து காட்டுகிறேன் என்றான். பாதையில் சேற்றுநிலத்துக்கு அப்பால் மழைக்கு ஒதுங்க ஒரு மரக்குடில் உண்டு. "நீ அங்க டீயோட உக்காந்திரு. ரம்மை மறந்துடாத" என்றான். நாளும் அவனே குறித்தான். இதில் என் வற்புறுத்தல் எதுவும் இல்லை.

இறந்தோர் நாள் கழிந்த வாரம் அது. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்திகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. வேலைநாள், பனிமூட்டம், வாகனங்கள் நிறுத்துமிடம் காலி. நான் விடிந்ததும் போய்விட்டேன். வலதுபக்கத்தில் அபோலேனா போட்ட இரண்டு அடையாளங்களைச் சாம்பல் வர்ணத்தால் மூடினேன். பழைய அடையாளங்களை மறைக்க நாங்கள் எப்போதும் பயன்படுத்துகிற வர்ணம்தான், மரப்பட்டையோடு பட்டையாகிவிடும். பிறகு இடதுபக்கத் தடத்தில் மூன்று மரங்களில் மஞ்சள் அடையாளம் போட்டேன். முதல் இரண்டும் என் வாழ்நாளில் நான் போட்டவற்றிலேயே மிகச் சிறந்தவை. குளிர் இருந்தது, ஆனாலும் கை கல்லாக நின்றது. ஓரங்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மூன்றாவதை மட்டும் கோணலாகப் போட்டேன். வேண்டுமென்றே. அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

குடிலில் போய் உட்கார்ந்தேன். பிளாஸ்கில் தேநீர் சூடாக இருந்தது. ரம் சற்று அதிகமாகிவிட்டது. ஒரு மரங்கொத்தி எங்கோ தட்டிக்கொண்டிருந்தது, பிறகு நிறுத்தியது.

அவன் என் பெயரைத்தான் கூப்பிட்டான். காப்பாற்றுங்கள் என்றெல்லாம் கத்தவில்லை. "விலெம்" என்றான். சற்று நேரம் கழித்து, "விலெம், இங்கடா, குழிப்பக்கம்" என்றான். நான் வருவேன் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. பனிமூட்டத்தில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது, மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம். அவன் இன்னும் சில முறை கூப்பிட்டான். அவனுக்கென்று ஊற்றி வைத்திருந்த கோப்பை ஆறிக்கொண்டிருந்தது. ஆறிய தேநீர் எனக்குப் பிடிக்காது என்பதால் அதையும் குடித்தேன்.

சத்தம் நின்றபிறகு எழுந்து போனேன். கவட்டைப் பைனைத் தாண்டி இடதுபக்கம் திரும்பி, முதல் மரத்தைப் பார்த்தவுடனே நின்றுவிட்டேன். வெள்ளைக் கோடு ஈரமாக இருந்தது. என் வர்ணம் அதற்குள் காய்ந்திருக்க வேண்டும். விரலால் தொட்டேன், ஒட்டியது. யாரோ மேல் ஓரத்தை நேராக இழுத்திருந்தார்கள். இரண்டாவது மரத்திலும் அப்படியே. மூன்றாவது மரத்தடியில் ஒரு சின்ன டப்பாவும், மெல்லிய தூரிகையும், சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவுக்கு வெட்டிய சுரண்டியும் கிடந்தன. மூன்றாவது அடையாளத்தில் மேலே இருந்த வெள்ளை மட்டும் நேராகியிருந்தது. கீழே உள்ளது கோணலாகவே இருந்தது. பாசியின்மேல் அவன் தொப்பி கிடந்தது.

கண்ணை மூடிக்கொண்டு வருவேன் என்றவன் பையில் வர்ண டப்பாவோடு வந்திருக்கிறான். அந்த டப்பாவை என் வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன், இன்று கொண்டுவந்திருக்கிறேன், இதோ உங்கள் மேசையில் இருக்கிறது. அன்று அவன் வீட்டில் என் முகத்துக்கு எதிரே சிரித்தபோதே அவன் தீர்மானித்திருக்க வேண்டும். கடைசிவரைக்கும் அவன் மாறவேயில்லை.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. வழிப்போக்கர் யாரேனும் தெரியாமல் அந்தப் பக்கம் வந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மூன்றாவது மரம்வரை தரை கெட்டியானது. அங்கே வந்து, அடுத்த அடையாளத்தைக் காணோமே என்று சுற்றிப் பார்த்து, திட்டிக்கொண்டே திரும்பிப் போயிருப்பார். மரத்துக்கு முன்னால் நிற்பவனுக்கு ஆபத்து இல்லை. அடையாளத்தை அதன் பக்கவாட்டில் போட்டிருந்தேன், அதைப் பார்த்தபடியே பின்வாங்கிப் போனால் மட்டும், சில எட்டில் பெரிய குழி. அந்த மரத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கம்பை விட்டுப் பார்த்திருந்தேன், அடி தட்டவில்லை. ஒரு இடத்துக்கு ஆளை அனுப்புமுன் அந்த இடத்தை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும், சங்கத்தில் முதலில் சொல்லித்தருவதே அதுதான்.

அப்படிப் பின்வாங்குகிறவன் யார்? அடையாளத்தில் கை வைத்தவன். கை வைத்துவிட்டு, உட்கார்ந்ததா என்று பார்க்கிறவன். என் கோட்டை என் கோடாக விட்டுவிட்டுப் போயிருந்தால் லுபோர் இன்று உயிரோடு இருப்பான். குடிலுக்கு வந்திருப்பான், தேநீர் குடித்திருப்பான், நான் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். அவன் கையில்தான் விட்டேன். இதைவிட நியாயமாக ஒருவனிடம் நடந்துகொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று மரங்களிலும் வர்ணத்தைச் சுரண்டி எடுத்து மண்ணைத் தேய்த்தேன். வலதுபக்கத்தில் சாம்பலின்மேல் மறுபடி மஞ்சள் போட்டேன். பிறகு சாலைக்கு நடந்துபோய், கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து மீட்புப்படையைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்ததும் வழிகாட்டியது நான்தான், என்னைவிட அந்தக் காட்டைத் தெரிந்தவர் இல்லையே. முதலில் அவர்களைச் சரியான பாதை முழுவதும் அழைத்துப் போனேன். ஒரு மனிதன் போயிருக்க வேண்டிய பாதை அதுதானே. குழிப்பக்கம் கடைசியில் போனோம். தண்ணீரில் மூழ்கியதால் அல்ல, குளிரால்தான் இறந்தான், அதற்குச் சற்று நேரம் ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு கைகளும் கரையோரத்து வேரைப் பிடித்திருந்தன. விரல்களில் வெள்ளை இருந்ததை அவர்கள் பிர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டைத் தூள் என்று நினைத்தார்கள்.

அடக்கம் முடிந்து ஹெட்விகா என்னைத்தான் முதலில் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசியில நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க" என்றாள். அவள் கொடுத்தனுப்பிய கொலாச் ரொட்டியைச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்தது. அபோலேனா திருப்பத்தில் தன் அடையாளம் சரியாகத் தெரியாமல் போனதால்தான் லுபோர் வழி தவறினான் என்று மனதில் வைத்துக்கொண்டுவிட்டாள். தூரிகைகளைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள், இப்போது வேலைக்கும் சரியாகப் போவதில்லையாம். அந்த வேலைக்கு உறுதியான மனது வேண்டும். எல்லோருக்கும் வராது.

நான் ஏன் இன்று வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதாதீர்கள். போன வாரம் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்திருந்தார். மகிழ்ச்சியான செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

"எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணிட்டோம் விலெம். பாதைக்கு அவன் பேரையே வச்சிடலாம். லுபோர் சுத்துப்பாதை. வாசல்ல பலகை, குடில்கிட்ட ஒரு பெஞ்சு. நீதான் அவனுக்கு எல்லாமே. தொறப்பு விழாவுல நீதான் ரிப்பன் வெட்டணும்."

"அந்தப் பாதைய வகுத்தது நான்" என்றேன்.

"தெரியும்யா. ஆனா அதைக் காப்பாத்துனது அவன்தானே" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஆக அவருக்கும் தெரிந்திருக்கிறது. சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடமாக அந்தப் பின்னறையில் என்னோடு பீர் குடித்தவர்கள் எல்லோருக்கும். அன்று இரவே தீர்மானித்துவிட்டேன், உண்மை முழுவதும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று. பாதை என்னுடையது. அடையாளங்கள் என்னுடையவை. என் கோடுகளை நம்பித்தான் அவன் கடைசிவரை நடந்தான்.

நீங்கள் தட்டச்சு செய்த வாக்குமூலத்தைப் படித்தேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, மாற்ற ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. மூன்றாவதை அவன் திருத்தியது சரி, அது கோணல். முதல் இரண்டையும் எதற்குத் திருத்தினான்? அவை நேராகத்தானே இருந்தன.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டத்தை விட்டு வெளியே ஓடியிருக்கிறது, பொருட்படுத்தாதீர்கள். உங்கள் பேனா சரியில்லை.